மணிக்கூண்டை ஏற்கெனவே பார்த்தவர்கள்

மனிதன் கல்லின் மேல் கல் வைத்து எழுப்பிய மாபெரும் சின்னங்கள் காலத்தைத் தோற்கடித்தவை. அவற்றின் நிழலில் ஒரு நிமிடம் நின்றுவிட்டு வந்தவன், நிற்காத மற்றவர்களைவிட ஓர் அங்குலமாவது உயர்ந்தவன். இது சூப்பிரண்டின் கருத்து. எடைக்கல்லுக்கும் தராசுக்கும் முத்திரை வைக்கும் அலுவலகத்தில் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். ஓய்வு பெற்ற பிறகும் பால் போடுகிறவர் முதல் பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் வரை எல்லோருக்கும் அவர் சூப்பிரண்டுதான். வீட்டுக்கு யார் வந்தாலும் கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கும் படத்துக்குக் கீழே உட்காரவைத்து, இந்தக் கருத்தை முழுதாகச் சொல்லி முடித்த பிறகுதான் உள்ளேயிருந்து டீ வரும்.

படத்தில் சூப்பிரண்டும் அவர் மனைவியும் இளவயதில் விறைத்து நிற்கிறார்கள். பின்னால், உலகத்தில் பாதிப் பேர் பார்க்க ஆசைப்படுகிற அந்தப் பெரிய மணிக்கூண்டு. கல்யாணமாகி மறுவாரம் தேனிலவுக்குப் போனபோது எடுத்தது என்பார் சூப்பிரண்டு.

பஸ் நிலையத்துக்குப் பின்னால், சைக்கிள் பஞ்சர் ஒட்டும் கடைக்கு மாடியில் இருந்த ஸ்டுடியோவில், துணியில் வரைந்த மணிக்கூண்டுக்கு முன்னால் நின்று எடுத்தது அது.

ஏமாற்ற வேண்டும் என்று அவர் போகவில்லை. ரயில் டிக்கெட்டெல்லாம் எடுத்தாகிவிட்டது. அலுவலகம் முழுக்கச் சொல்லியாகிவிட்டது. சொல்லியாகிவிட்டது என்றால், கேட்காதவர்களையும் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லியாகிவிட்டது. கிளம்புகிற அன்று காலையில் மேலதிகாரி லீவை ரத்து செய்து, வெளியூர் முகாமுக்குத் தராசு முத்திரை வைக்க அனுப்பிவிட்டார். ஒரு வாரம் யாருக்கும் தெரியாத ஓர் ஊரில் வெங்காய மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து முத்திரை குத்திவிட்டு வந்தவரை, அலுவலகத்தில் எதிர்ப்பட்ட முதல் ஆள், "என்னப்பா, மணிக்கூண்டு எப்படி?" என்று கேட்டான். "பிரமாதம்" என்று சொல்லிவிட்டார். அன்று சாயங்காலமே புது மனைவியைக் கூட்டிக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் போனார்.

ஸ்டுடியோக்காரரிடம் மூன்று திரைகள் இருந்தன. அருவி, விமானம், மணிக்கூண்டு.

"விமானமும் எடுத்துக்கலாமே சார், ஏறுற மாதிரி நிக்கலாம்" என்றார் ஸ்டுடியோக்காரர்.

"அதெல்லாம் பொய்யாத் தெரியும்" என்றார் சூப்பிரண்டு.

படியிறங்கும்போது மனைவி கேட்டாள். "நிஜத்துல எப்பங்க போறோம்?"

"அடுத்த வருஷம்."

அந்த அடுத்த வருஷம் இன்னும் வரவில்லை. கல்யாணமாகி நாற்பது வருடம் ஆகிறது.

மனைவி பெண்கள் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சராக இருந்தவர். ஊருக்கு அவர் டீச்சர். இந்தக் கதைக்கும் அப்படியே இருக்கட்டும். இந்தப் பொய்யில் டீச்சருக்கு முதலில் பங்கில்லை. பக்கத்து வீட்டம்மா ஒருநாள், "உள்ளே படியெல்லாம் எப்படி இருக்கும்?" என்று கேட்க, சூப்பிரண்டு விழி பிதுங்கி நின்றதைப் பார்த்து இரக்கப்பட்டு, "ரொம்பக் குறுகலுங்க. மூணாவது திருப்பத்துல என் புடவை மாட்டிக்கிச்சு, இவர்தான் எடுத்துவிட்டாரு" என்று சொல்லிவைத்தார். அன்றிலிருந்து சூப்பிரண்டு தத்துவம் பார்த்துக்கொள்வார். விவரம் டீச்சர் பார்த்துக்கொள்வார். எடைக்கல்லில் ஒரு கடுகளவு குறைந்தாலும் கடையை இழுத்து மூடிய மனிதர், தன் வீட்டுக் கூடத்தில் ஒரு முழு மணிக்கூண்டையே குறையாக வைத்திருந்தார். முத்திரை வைப்பதற்கு அங்கே ஆள் யாரும் வரவில்லை.

பெண் பிறந்தாள், படத்துக்குக் கீழேயே வளர்ந்தாள், வங்கியில் வேலைக்குப் போனாள். மாப்பிள்ளை வந்தார். கட்டட வரைபடம் போடுகிறவர். எதைப் பார்த்தாலும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு கோணம் பார்ப்பார். அவரோடு சம்பந்தி வந்தார். சம்பந்தி ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். பெண் பார்க்க வந்த அன்றே படத்தைப் பார்த்து, "நாங்கள் இன்னும் போனதில்லை" என்று சொன்னார். சம்பந்தியை ஏதாவது ஒன்றில் கீழே வைக்கக் கிடைத்த அந்த ஒரே வாய்ப்பைச் சூப்பிரண்டு அதன் பிறகு எந்தக் குடும்ப நிகழ்ச்சியிலும் நழுவவிட்டதில்லை.

அதனால்தான், நாற்பதாவது கல்யாண நாளுக்கு மகள் ஆறு ரயில் டிக்கெட்டுகளை நீட்டி, "மறுபடியும் மணிக்கூண்டு! அதே இடத்துல, அதே மாதிரி நின்னு ஒரு படம்! மாமா அத்தையும் வர்றாங்க" என்று கைதட்டியபோது, சூப்பிரண்டுக்குக் காது அடைத்தது.

"எனக்கு முட்டி வலிம்மா."

"மணிக்கூண்டு வாசல் வரைக்கும் வண்டி போகும்பா."

"வெயில்."

"குடை எடுத்துக்கலாம்."

"ஏற்கெனவே பாத்ததை மறுபடி எதுக்குப் பாக்கணும்?"

"நீங்கதானேப்பா சொல்வீங்க, அதை ஆயிரம் தடவை பாத்தாலும் பத்தாதுன்னு."

சொல்லியிருக்கிறார். போன மாதம்கூட, சம்பந்தியிடம்.

சமையலறைக்குப் போனார். டீச்சர் ஒரு துணிப்பையில் மாத்திரைகளையும் மூக்குக் கண்ணாடியையும் எடுத்துவைத்துக்கொண்டிருந்தார். பயணம் இன்னும் மூன்று வாரம் இருந்தது.

"என்ன, அதுக்குள்ளே பை கட்டறே?"

"நான் வரேன்னு சொல்லிட்டேன். இப்பவாவது பாத்துக்கறேனே."

"பாரு, வேணாங்கலை. ஆனா மொத தடவையா பாக்குற மாதிரி பாத்துத் தொலைச்சிடாதே. சம்பந்தி பக்கத்துலயே நிப்பாரு."

"அப்புறம் எப்படிப் பாக்குறது?"

"ஏற்கெனவே பாத்த மாதிரி பாரு. கொஞ்சம் சலிப்பா."

டீச்சர் பையின் வாயை இழுத்துக் கட்டினார். "நாப்பது வருஷமா காலண்டர்ல, பிஸ்கட் டப்பாவுல, டிவியில பாத்திருக்கேன். எனக்கு அந்தக் கல்லு மேல ஒரு தடவை கை வைக்கணும். அவ்வளவுதான். கை வச்சிட்டு வேணா சலிச்சிக்கறேன்."

சூப்பிரண்டுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. நியாயமாகப் பட்டதால் எரிச்சலாகவும் இருந்தது.

போய் இறங்கிய அன்று மதியம், மாப்பிள்ளை ஒரு பெரிய காகிதப் பொட்டலத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வண்டியில் ஏறினார். "என்ன மாப்பிள்ளை அது?" என்றார் சூப்பிரண்டு. "சர்ப்ரைஸ் மாமா" என்றார் மாப்பிள்ளை. உள்ளே இருந்தது கூடத்துப் படம், சட்டத்தோடும் கண்ணாடியோடும். கோணம் பார்ப்பதற்காகச் சுவரிலிருந்து கழற்றி எடுத்து வந்துவிட்டார்.

வண்டி திரும்பியதும் மகள் கத்தினாள். "அதோ!"

எல்லோரும் பார்த்தார்கள். மணிக்கூண்டு நின்றது. காற்றடித்தது. மணிக்கூண்டு லேசாக உப்பி, அடங்கியது.

பழுது பார்க்கிறார்களாம். கீழிருந்து உச்சி வரை இரும்புக் குழாய்ச் சாரம் கட்டி, சாரத்தின் மேல் ஒரு பெரிய துணியைப் போர்த்தி, வந்தவர்கள் ஏமாந்து போகக் கூடாது என்று அந்தத் துணியிலேயே மணிக்கூண்டைப் படமாக அச்சடித்துத் தொங்கவிட்டிருந்தார்கள். ஜன்னல், தூண், கடிகாரம் எல்லாம் அச்சு. கடிகாரத்தில் மணி பத்து பத்து.

டீச்சர் வண்டியைவிட்டு இறங்கினார். அண்ணாந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். முதலில் உதட்டுக்குள் அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. குடையை ஊன்றிக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர வரச் சிரித்தார்.

"அம்மாவுக்குப் பழைய ஞாபகம் வந்துடுச்சு" என்றாள் மகள். அவள் கண்ணும் கலங்கியது.

"வராதா பின்னே?" என்றார் சம்பந்தியம்மா.

சூப்பிரண்டு மட்டும் குனிந்து செருப்பைச் சரிசெய்துகொண்டிருந்தார். செருப்பு சரியாகத்தான் இருந்தது.

சம்பந்தி தொண்டையைச் செருமினார். எதையாவது பார்த்தால் அதைப் பற்றி நாலு வார்த்தை சொல்லாமல் நகரக் கூடாது என்பது அவர் பள்ளிக்கூடத்துப் பழக்கம். "திரை என்பது மறைப்பதற்கு மட்டும் அன்று. மறைக்கப்பட்டதன் மேன்மையை உணர்த்துவதற்கும் ஆகும்" என்று துணியைப் பார்த்துச் சொன்னார். துணி மறுபடி உப்பியது.

"மாமா, அத்தையைக் கூட்டிக்கிட்டு இங்க வந்து நில்லுங்க" என்றார் மாப்பிள்ளை. சட்டம் போட்ட படத்தை ஒரு கையில் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, முன்னால் போய், பின்னால் வந்து, ஒரு தள்ளுவண்டியில் இடித்துக்கொண்டு, சட்டென்று நின்றார்.

சூப்பிரண்டு அவர் மூடாத கண்ணையே பார்த்தார். ஆள் வரைபடக்காரர். ஜன்னலை எண்ணிவிடுவார். நிழலைப் பார்த்துவிடுவார். நாற்பது வருடத்துக் கட்டடம் இந்த நடுவீதியில் சரியப்போகிறது.

"அப்படியே இருக்கு மாமா!" என்றார் மாப்பிள்ளை. "ஒரு கோடு மாறலை! பொதுவா கிட்டப் போனா ஒரு பக்கம் சாஞ்சு தெரியணும். இது நேரா, தட்டையா, படத்துல இருக்குற மாதிரியே இருக்கு. கடிகாரத்துல மணிகூட அதே பத்து பத்து!"

"காலம் உறைந்து நிற்கிறது" என்றார் சம்பந்தி.

படம் எடுத்தார்கள். அன்று நின்றது போலவே சூப்பிரண்டு இடதிலும் டீச்சர் வலதிலும் விறைத்து நின்றார்கள். டீச்சர் உதட்டை அசைக்காமல் கேட்டார்: "நாம திரைக்கு முன்னால நிக்கறதுக்குன்னே பொறந்தோமாங்க?"

"சும்மா இரு. எடுக்கறாங்க."

எடுத்து முடித்ததும் டீச்சர் விடுவிடுவென்று துணியை நோக்கி நடந்தார். ஓரத்தைப் பிடித்துத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தார். உள்ளே இன்னொரு துணி, பச்சை வலை. வலைக்கு உள்ளே சாரம். சாரத்துக்கு உள்ளே இருட்டு.

"தொடாதீங்கம்மா!" என்று காவலாளி ஓடி வந்தான். "உள்ளே போகணும்னா அங்க ஹெல்மெட் வாங்கிக்கிட்டு, கூட்டிட்டுப் போறவங்களோடதான் போகணும். இன்னைக்குக் கடைசித் தடவை இப்பத்தான் கிளம்புது."

டீச்சர் திரும்பிச் சூப்பிரண்டைப் பார்த்தார். அந்தப் பார்வை சூப்பிரண்டுக்குத் தெரியும். ஸ்டுடியோ படியில் பார்த்த பார்வை.

அவசர அவசரமாக எல்லோரும் ஹெல்மெட் கொடுக்கும் மேஜைக்குப் போனார்கள். மேஜையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மேஜை மேல் மஞ்சள் ஹெல்மெட் நான்கு இருந்தன.

"நாலுதாங்க மிச்சம்" என்றாள் அவள். "ஹெல்மெட் இல்லாம யாரையும் விட மாட்டோம்."

"நாளைக்கு?" என்றாள் மகள்.

"நாளைக்கு லீவுங்க. அடுத்தது திங்கக்கிழமை."

திரும்பும் ரயில் அன்று சாயங்காலம்.

இந்த மாதிரி நேரத்தில் கணக்குப் போடுவதற்கென்றே பிறந்தவர் சம்பந்தி. ஒரு விரலை உயர்த்தினார். "சிக்கலே இல்லை. பார்க்காதவர்கள் நாலு பேர். நான், என் மனைவி, மகன், மருமகள். பார்த்தவர்கள் இரண்டு பேர். ஹெல்மெட் நாலு. தானாகவே விடை வந்துவிட்டது."

"அம்மா, நீ தப்பா எடுத்துக்காதே" என்றாள் மகள். "நீங்க அப்பவே நல்லா சுத்திப் பாத்துட்டீங்க. இப்ப அப்பாவுக்கு முட்டி வலி வேற. அந்தக் குறுகல் படியில மறுபடி புடவை மாட்டிக்கிச்சுன்னா?"

டீச்சர் மேஜை மேல் இருந்த ஹெல்மெட் ஒன்றின் விளிம்பை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

சூப்பிரண்டு மேஜைக்காரப் பெண்ணிடம் குனிந்து, அலுவலகக் குரலில், "இங்க பாரும்மா, நான் அரசாங்கத்துல சூப்பிரண்டா இருந்தவன்" என்றார்.

"சரிங்க ஐயா."

"இன்னொரு ஹெல்மெட்டுக்கு ஏற்பாடு பண்ணச் சொல்லு. மேலே யாரு இருக்கா?"

"மேலே கொத்தனாருங்க இருக்காங்க. அவங்க தலையில இருக்குறதைத்தான் கழட்டணும்."

சம்பந்தி சிரித்தார். சூப்பிரண்டு மகள் பக்கம் திரும்பினார். "இவ போகட்டும். நீ வேணா..."

"நான் இருந்துக்கறேன்பா" என்றாள் மகள் உடனே. சம்பந்தியம்மா அவள் கையைப் பிடித்தார். "நல்லா இருக்கு! புருஷனும் பொண்டாட்டியும் சேர்ந்து பாத்ததை இப்ப அவங்க தனியா போய் என்ன பாக்கறது? மனசுக்கு நல்லாவா இருக்கும்? நீ மாட்டிக்கோம்மா." சொல்லிக்கொண்டே மருமகள் தலையில் ஹெல்மெட்டைக் கவிழ்த்து, தாடைக்குக் கீழே வாரையும் மாட்டிவிட்டார்.

மாப்பிள்ளையை இருக்கச் சொல்ல முடியாது; மாப்பிள்ளை. சம்பந்தியை இருக்கச் சொல்ல முடியவே முடியாது. அழைத்துப் போகிற ஆள் விசில் ஊதினான். டீச்சர் ஹெல்மெட்டிலிருந்து விரலை எடுத்தார்.

சூப்பிரண்டு வாயைத் திறந்தார். என்ன வரப்போகிறது என்று அவருக்கே தெரியவில்லை.

"அவ பாத்ததில்லை."

"என்னப்பா?"

"உங்கம்மா இதைப் பாத்ததில்லை. நானும்தான். நாங்க இங்க வந்ததே கிடையாது." மாப்பிள்ளை கையில் இருந்த படத்தைக் காட்டினார். "அது ஸ்டுடியோவுல எடுத்த படம். பின்னால துணி."

விசில் ஊதிய ஆள்கூடத் திரும்பிப் பார்த்தான்.

முதலில் சம்பந்திதான் பேசினார். பேசுவதற்கு முன்னால் ஒரு சிரிப்பு சிரித்தார். நீளமாக, தலையை ஆட்டி ஆட்டி. "சூப்பிரண்டுக்கு இவ்வளவு பெருந்தன்மையா? மனைவிக்காக நாற்பது வருடப் பெருமையையே விட்டுக்கொடுக்கிறாரே! ஆனாலும் இப்படிச் சின்னப்பிள்ளை மாதிரி..."

"பெருந்தன்மை இல்லீங்க. நிஜம். பஞ்சர் கடை மாடி."

"மாமா," என்றார் மாப்பிள்ளை, மிகவும் மெதுவாக, பள்ளத்தின் விளிம்பில் நிற்கிறவரிடம் பேசுவது போல. "இப்பத்தானே நான் பொருத்திப் பாத்தேன்? கோட்டுக்குக் கோடு சரியா இருந்துச்சே. துணியில வரைஞ்சா இப்படி வராது மாமா. எனக்கு இதுதான் தொழில்."

"அருவி ஒண்ணு இருந்துச்சு" என்றார் சூப்பிரண்டு. "விமானம் ஒண்ணு இருந்துச்சு. நான்தான் விமானம் வேணாம்னேன்."

மகளின் முகம் வெளுத்தது. மஞ்சள் ஹெல்மெட்டுக்குக் கீழே அது இன்னும் வெளுப்பாகத் தெரிந்தது. "அம்மா, அப்பா எப்பேர்ந்து இப்படிப் பேசறாரு? நீ ஏன் எங்கிட்டச் சொல்லலை?"

எல்லோரும் டீச்சரைப் பார்த்தார்கள். ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். ஆமாம் என்றால் ஹெல்மெட் கிடைக்கும். வாசல் பத்தடி. உள்ளே கல் இருக்கிறது.

டீச்சர் கணவரைப் பார்த்தார். வேர்த்து, சட்டைக்காலர் நனைந்து, பொய்யெடைக் கல்லோடு பிடிபட்ட மளிகைக் கடைக்காரர் மாதிரி நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் சம்பந்தி, இன்னும் சிரித்த வாயை மூடாமல்.

"வந்தோமே" என்றார் டீச்சர். "உள்ளே படி ரொம்பக் குறுகல். மூணாவது திருப்பத்துல என் புடவை மாட்டிக்கிச்சு, இவர்தான் எடுத்துவிட்டாரு. இவருக்கு இப்பல்லாம் அப்பப்ப மறந்துபோகுது."

சூப்பிரண்டு மனைவியைப் பார்த்தபடி நின்றார். வாய் திறந்தே இருந்தது.

"நான் அப்பாகூட இருக்கேன்" என்று மகள் வாரை அவிழ்க்கப் போனாள்.

"நீ போ. நான் பாத்துக்கறேன். எனக்கென்ன இது புதுசா?" என்றார் டீச்சர்.

நான்கு ஹெல்மெட்டுகளும் வரிசையில் சேர்ந்து, துணியின் ஒரு மடிப்புக்குள் நுழைந்து மறைந்தன. கடைசியாகப் போன சம்பந்தியம்மா, திரும்பி இரக்கத்தோடு கையசைத்தார்.

எதிரே ஒரு சிமென்ட் பெஞ்சு இருந்தது. இருவரும் போய் உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளை சட்டம் போட்ட படத்தை அவர்களிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். வைக்க இடமில்லாமல் சூப்பிரண்டு அதை மடியிலேயே நிறுத்திப் பிடித்துக்கொண்டார். போகிற வருகிற ஆட்கள் படத்தைப் பார்த்துவிட்டு, அவர்களைப் பார்த்துவிட்டு, புன்னகை செய்துவிட்டுப் போனார்கள்.

"ஏன் அப்படிச் சொன்னே?" என்றார் சூப்பிரண்டு.

"எப்படி?"

"உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு உண்மையைச் சொல்லிட்டேன். ஆமான்னு நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, இப்ப உள்ளே இருந்திருப்பே."

"சொல்லணும்னுதான் வாயைத் திறந்தேன்" என்றார் டீச்சர். "யாராவது மணிக்கூண்டுன்னாலே அந்தக் கதை தானா ஓட ஆரம்பிச்சிடுது. நான் பிடிக்கறதுக்குள்ள புடவை வரைக்கும் போயிடுச்சு. அதுவும் இல்லாம அந்த மனுஷன் சிரிச்சாரே, அந்தச் சிரிப்பு."

"சிரிச்சிட்டுப் போறாரு."

"இதை நீங்க நாப்பது வருஷத்துக்கு முன்னால சொல்லியிருக்கலாம்."

சூப்பிரண்டு படத்தின் கண்ணாடியைக் கைக்குட்டையால் துடைத்தார். அதில் அழுக்கு இல்லை. "இப்ப வெளியே வந்ததும் சொல்லிடலாமா? ரெண்டு பேரும் சேர்ந்து?"

"சொல்லுங்க. எனக்கும் சேத்து டாக்டர் பாப்பாங்க."

காற்று வந்தது. துணி மணிக்கூண்டு உப்பியது, சுருங்கியது. டீச்சர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஓரம் தைக்கவே இல்லை பாருங்க. சும்மா மடிச்சு ஒட்டியிருக்காங்க. ஒரு மழைக்குத் தாங்காது" என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றி, முந்தானையில் துடைக்க ஆரம்பித்தார்.

அந்த நேரம் பார்த்துப் பெரிதாக ஒரு காற்று அடித்தது. துணியின் கீழ் மூலை ஒட்டு விட்டு, வலையையும் இழுத்துக்கொண்டு, மேலே தூக்கியது. சாரக் குழாய்களுக்கு நடுவே ஓர் ஆள் அகலத்துக்கு மணிக்கூண்டு தெரிந்தது. கறுத்த, சொரசொரப்பான கல். ஒரு கொத்தனார் அதில் முதுகைச் சாய்த்துத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். காவலாளி ஓடிப்போய் மூலையை இழுத்துப் பிடித்துக் கயிற்றில் கட்டினான்.

"பாத்தியா?" என்றார் சூப்பிரண்டு.

டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "எதை?"

சூப்பிரண்டு கட்டி முடித்த கயிற்றைப் பார்த்தார். "ஒண்ணுமில்லை. கொத்தனார் தண்ணி குடிச்சாரு."

"கல்லு தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது. பெரிசா ஒண்ணுமில்லை. சாதாரணக் கல்லுதான்."

"இப்பத்தாங்க நீங்க சரியாப் பேசறீங்க" என்றார் டீச்சர். "ஏற்கெனவே பாத்த மாதிரி."

எழுந்துபோய்த் துணிக்கு அருகே நின்றார். மறுபடி காற்று வரும் என்று நின்றார். குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார். காவலாளி அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். காற்று நின்றுபோயிருந்தது. கயிற்றையும் நன்றாகக் கட்டியிருந்தான்.

உள்ளே போனவர்கள் வெளியே வந்தார்கள். நெற்றியில் ஹெல்மெட் தடம், உடம்பெல்லாம் சுண்ணாம்புத் தூசி, வாயெல்லாம் பேச்சு. சம்பந்தி கல்லைத் தொட்டிருக்கிறார். சம்பந்தியம்மா அதன் மேல் சாய்ந்து படம் எடுத்துக்கொண்டிருக்கிறார். "ஜில்லுன்னு இருக்குங்க! இந்த வெயில்லயும் ஜில்லுன்னு!" என்று உள்ளங்கையை விரித்துக் காட்டினார்.

டீச்சர் அந்த உள்ளங்கையைப் பார்த்தார். அதில் கொஞ்சம் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது.

"ஆனா அம்மா, படி குறுகலே இல்லையே" என்றாள் மகள். "நல்ல அகலம். நாலு பேர் கை கோத்துக்கிட்டு ஏறலாம் போல இருக்கு."

சூப்பிரண்டு நிமிர்ந்தார். கடைசியாக ஒரு கதவு திறந்துவிட்டது என்று நினைத்தார்.

"இடித்து அகலப்படுத்தியிருப்பார்கள்" என்றார் சம்பந்தி. "கூட்டம் கூடக் கூட இவர்கள் செய்யும் வேலை இதுதான். பழமையின் அருமை யாருக்குத் தெரிகிறது? டீச்சரம்மாவைப் போல அசல் படியில் ஏறியவர்கள் கொடுத்து வைத்தவர்கள்."

"கட்டாயம் அப்படித்தான் இருக்கும்" என்றார் மாப்பிள்ளை. "சுவர்ல ஒட்டுப் போட்ட மாதிரிகூட ஒரு கோடு பாத்தேன்."

ரயிலில் மகள் சூப்பிரண்டுக்கு எதிரே உட்கார்ந்து, பேச்சோடு பேச்சாக, இன்று என்ன கிழமை, இப்போது என்ன மாதம் என்றெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாள். எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னார். அது அவளுக்கு ஆறுதலாகப் படவில்லை. "ஆரம்பத்துல இப்படித்தான் இருக்குமாம்" என்று மாப்பிள்ளையிடம் கிசுகிசுத்தாள்.

அடுத்த வாரம் மூளை நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். டாக்டர் சின்ன வயசு; மேஜை மேல் பிளாஸ்டிக்கில் ஒரு மூளை வைத்திருந்தார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். ஒரு கடிகாரம் வரைந்து காட்டச் சொன்னார். சூப்பிரண்டு வட்டம் போட்டு, எண் எழுதி, முள் வரைந்தார். மணி எத்தனை என்று டாக்டர் சொல்லவில்லை. அவராகவே பத்து பத்து வைத்தார்.

"ரொம்ப நல்லது" என்றார் டாக்டர். "இப்ப பழைய விஷயம் ஒண்ணு கேக்கறேன். கல்யாணம் ஆனதும் நீங்களும் அம்மாவும் முதல்ல எங்க போனீங்க?"

மகள் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். உண்மையைச் சொன்னால் நோய். பொய் சொன்னால் குணம். சூப்பிரண்டு திரும்பி மனைவியைப் பார்த்தார். டீச்சர் மடியில் இருந்த துணிப்பையின் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை.

"மணிக்கூண்டுக்கு" என்றார் சூப்பிரண்டு.

மகள் அழுதுவிட்டாள். மாப்பிள்ளை அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார். "உள்ளே படியெல்லாம் எப்படி, ஞாபகம் இருக்கா சார்?" என்று டாக்டர் சிரித்துக்கொண்டே கேட்டார்.

"ரொம்பக் குறுகல்" என்றார் சூப்பிரண்டு.

பயப்பட ஒன்றுமில்லை, இருந்தாலும் இருக்கட்டும் என்று சொல்லி, ஞாபகத்துக்கு ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்தார் டாக்டர். மறக்காமல் போட்டுக்கொள்கிறாரா என்று மகள் தினமும் இரவு போன் பண்ணிக் கேட்கிறாள். போட்டுக்கொள்கிறார். அது அவருக்கு ஒத்துக்கொள்ளாமல், தினமும் காலையில் வயிறு போகிறது.